மூக்கு லாரி, பழைய லேலண்டு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. பெயிண்டையும் பாடியையும் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

பழைய லாரி என்றால் எவ்வளவு பழசு?

சட்டத்தின் கணக்கு வேறு, பட்டறைக் கணக்கு வேறு. 1980களில் லேலண்டுக்குள் ஜப்பானின் ஹினோ என்ஜினும், ஜெர்மனியின் இசட்எஃப் சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது வேகத்தைத் தானே சமப்படுத்தும்) கியர்பாக்ஸும் நுழைந்தன. அதற்கு முன்னால் வந்த லேலண்டின் காமெட், பீவர், ஹிப்போ, டாடா-பென்ஸ் மூக்கு லாரி (என்ஜின் கேபினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது), அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சமிருக்கும் பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ எல்லாம் நம் கணக்கில் பழைய லாரி. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. காதும் கையும் இருந்தால் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு ஏன் எல்லோரும் வடசென்னைக்கே வருகிறார்கள்?

லேலண்டு வண்டி பிறந்த ஊர் இது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. 1951-ல் லேலண்டு காமெட் வண்டிகள் அங்கே உருவாகத் தொடங்கின. முதலில் விற்றவை நான்கு டிப்பர்கள், மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. 1955-ல் பெயர் அசோக் லேலண்டு ஆனது. செம்பியம் பக்கம் வந்தால் சிம்சன், பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்த இடம். அதே வளாகத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ். ஆக, ஒரு பழைய லாரிக்குத் தேவையானதில் பாதி எண்ணூருக்கும் பெரம்பூருக்கும் நடுவிலேயே செய்யப்பட்டது. அங்கெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கத்திவாக்கத்திலும் திருவொற்றியூரிலும் இன்னும் இருக்கிறார்கள். கியர்பாக்ஸ் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே "லேஷாப்ட் பேரிங்ப்பா" என்று சொல்லக்கூடியவர்கள். (லேஷாப்ட் என்பது கியர்பாக்ஸுக்குள் கீழே சுற்றும் துணைத்தண்டு.)

டாடா வண்டிகள் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தவை. 1954-ல் டெய்ம்லர்-பென்ஸுடன் போட்ட ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. முகப்பிலிருந்து நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் நம்மூரில் பெரியவர்களுக்கு அது பென்ஸ் லாரிதான்.

என்ஜின் பெயரில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிஸ்டன் செட் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். லேலண்டு எண் என்ஜினின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். 350 என்றால் ஏறக்குறைய 5.7 லிட்டர், 370 என்றால் 6.1, 400 என்றால் 6.5, பெரிய வண்டிகளில் வந்த 680 என்றால் 11.1 லிட்டர். முதல் மூன்றும் ஒரே குடும்பம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) அப்படியே இருக்க, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும், பிஸ்டன் மட்டும் மாற்றிப் பொருந்தாது.

டாடா வழி வேறு. 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். வண்டியின் பெயரில் இருக்கும் எண் இன்னொரு கணக்கு: 1210 என்றால் 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன் வட்டம். 1612 என்றால் 16 டன், 120.

பெர்கின்ஸ் இரண்டு விதமாகவும் பெயர் வைத்தது. பி6 என்பதில் ஆறு சிலிண்டர் என்ற தகவல் மட்டும்தான் உண்டு, கொள்ளளவு 4.7 லிட்டர். பின்னால் வந்த 6.354-ல் ஆறு சிலிண்டரும் 354 கன அங்குலமும் சேர்ந்தே இருக்கின்றன. பெட்ரோல் என்ஜினோடு வந்த டாட்ஜ், பெட்ஃபோர்டு வண்டிகளில் பலவற்றுக்குப் பிற்பாடு பெர்கின்ஸ் டீசல் ஏற்றினார்கள். அப்படிப்பட்ட வண்டி வாங்கினால், என்ஜின் மாற்றிய விவரம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வண்டி பார்க்கப் போகிறேன். எதை முதலில் பார்ப்பது?

சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை. அது ஒத்துவரவில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒத்துவந்தால், என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்னால் கையை பிளாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் உங்களுக்கு முன்பே ஒருமுறை ஓட்டிவைத்திருக்கிறார். பழைய டீசல் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்த நிலையில்தான். அப்புறம் டிப்ஸ்டிக், ரேடியேட்டர் மூடி. ஆயிலில் தண்ணீர், தண்ணீரில் ஆயில் இரண்டுமே கெட்ட சகுனம். கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் டிரெயின் பிளக்கைக் கழற்ற விட்டால் கழற்றுங்கள். வெளிவரும் ஆயிலை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மாவு போலச் சாம்பல் நிறப் பசை வந்தால் அது வழக்கமான தேய்மானம். ஊசி ஊசியாகத் துகள் குத்தினால் பல் உடைகிறது அல்லது பேரிங் உதிர்கிறது. மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் வெண்கலப் புஷ் கரைகிறது.

ஆக்சிலின் ரேஷியோ என்ன என்று பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, ஜாயின்ட் ஷாப்டில் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஜாயின்ட் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் டிஃப்ரன்ஷியல் (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் அமைப்பு) பாதி அசைவைத்தான் கிரவுனுக்கு, அதாவது ஆக்சிலின் பெரிய பல்சக்கரத்துக்குத் தருகிறது, அதனால்தான் இரண்டு சுற்று.

எண் கிடைத்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர் ஓடும். டாப் கியர் நேரடி (என்ஜின் சுற்று அப்படியே ஜாயின்ட் ஷாப்டுக்குப் போவது), ரேஷியோ 6, என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் மணிக்கு 62 கிலோமீட்டர். அதற்கு மேல் அந்த வண்டி போகாது. போகவைக்க முயலவும் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வரும் டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் ரேஷியோவை மாற்றலாமே? 5 ஆக்கினால் 74 போகுமே?

காலி வண்டிக்குச் சரி. லோடு ஏற்றினால் மேம்பாலத்தில் தெரியும். இந்த வண்டிகளில் என்ஜினின் இழுவை, கியர் இடைவெளி, கிரவுன் பினியன் (பினியன் என்பது கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) மூன்றும் ஒன்றையொன்று கணக்கில் வைத்துச் செய்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் உங்களோடு சண்டைக்கு வரும். புது டர்போ என்ஜினைப் பழைய காமெட்டில் ஏற்ற ஆசைப்படுபவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் கிளட்ச் பிளேட் போகும், அப்புறம் லேஷாப்ட், அதையும் பலப்படுத்தினால் ஆக்சில் ஷாப்ட் முறுக்கி உடையும். கடைசியில் கையில் இருப்பது பழைய லாரியும் இல்லை, புது லாரியும் இல்லை. என்னைக் கேட்டால், மூன்றில் ஒன்று அடியோடு போய்விட்டதென்றால் அதே ரகத்தைத் தேடிக் காத்திருங்கள்.

கியர் போட்டாலே கடிக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் போனது கியர்பாக்ஸ் இல்லை, ஓட்டுகிற பழக்கம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கான்ஸ்டன்ட் மெஷ் என்பார்கள்: பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றும், நீங்கள் லீவரால் நகர்த்துவது நடுவில் இருக்கும் டாக் கிளட்ச் என்ற பல் வைத்த வளையத்தை. அதன் வேகமும் பல்சக்கரத்தின் வேகமும் ஒன்றாக இருந்தால் வெண்ணெயாக இறங்கும். இல்லையென்றால் மாதவரம் ரவுண்டானா முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அதற்குத்தான் டபுள் கிளட்ச். மேல் கியருக்குப் போகும்போது கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஒரு நொடி காத்து என்ஜின் வேகம் இறங்கவிட்டு, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர். கீழ் கியருக்கு வரும்போது நியூட்ரலில் கிளட்ச்சை விட்ட நிலையில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி வேகத்தை ஏற்ற வேண்டும், அப்புறம் கிளட்ச், கியர். எவ்வளவு தட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், காதுதான் சொல்லும். சிங்க்ரோமெஷ்ஷில் பழகிய டிரைவர்கள் இங்கே லீவரை அழுத்தித் திணிப்பார்கள். திணிக்கத் திணிக்க டாக் பற்களின் முனை மழுங்கும், மழுங்கினால் அடுத்த கேள்விக்கு வருவீர்கள்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

டாக் பல் மழுங்கியிருக்கலாம், அந்த வளையத்தை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், ஃபோர்க் ராடைப் பிடித்துவைக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: மேல்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் குண்டும் அங்கேயே இருக்கும். அது சரியாக இருந்தால் ஃபோர்க். அதுவும் சரி என்றால்தான் பெட்டியை இறக்க வேண்டும். கேபினில் மரக்கட்டையை லீவருக்கு முட்டுக்கொடுத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தீர்வில்லை. கட்டை தாங்கும், ஃபோர்க் எரியும்.

சத்தம் கியர்பாக்ஸில் எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிரித்தறிவது?

வண்டி நிற்க, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுங்கள். சத்தம் இருக்கிறது, கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் இன்புட் ஷாப்ட் அல்லது லேஷாப்ட் பேரிங். மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங், பெட்டிக்குச் சம்பந்தமில்லை. ஓட்டிப் பார்க்கும்போது எல்லாக் கியரிலும் முனகி, நேரடி டாப்பில் மட்டும் அமைதியானால் லேஷாப்டைச் சந்தேகியுங்கள். டாப்பில் அதற்குச் சுமை கிடையாது, மற்றக் கியர்களில்தான் சுமை அதன் வழியாகப் போகிறது.

எந்த ஆயில் ஊற்றுவது? கடைக்காரர் விலை கூடினதுதான் நல்லது என்கிறார்.

இந்தக் கேள்விக்குத் தவறான பதிலால் கெட்ட பெட்டிகள் நிறைய.

கியர் ஆயில் டப்பாவில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று தடிமன்: 90, 140 என்று. இன்னொன்று ரகம்: ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று. ஜிஎல்-5-ல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசி வழுக்கும் ஹைபாய்டு ஆக்சிலுக்கு அது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பல்லின் முகம் பிய்ந்துவரும். ஆனால் பழைய கியர்பாக்ஸுக்குள் மெயின்ஷாப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியை அனுப்பும் தண்டு) பல்சக்கரங்களின் அடியில் வெண்கலப் புஷ்ஷும் வாஷரும் உண்டு. சூடேறிய நிலையில் அந்த மருந்து வெண்கலத்தை அரிக்கும். அதனால் பெட்டிக்கு ஜிஎல்-4 தரத்தில் 90, அல்லது கையேடு என்ன சொல்கிறதோ அது. ஆக்சிலுக்கு, அது ஹைபாய்டா சாதா ஸ்பைரல் பெவலா என்று தெரிந்துகொண்டு ஊற்றுங்கள். பினியன் ஷாப்டின் மையம் கிரவுனின் மையத்துக்கு நேராக இருந்தால் ஸ்பைரல் பெவல், கீழே இறங்கியிருந்தால் ஹைபாய்டு. சென்னை வெயிலில் லோடு வண்டி ஆக்சிலுக்கு 140 போடும் வழக்கம் இருக்கிறது, அதில் தப்பில்லை.

சத்தம் குறையட்டும் என்று கிரீஸைக் கலந்து ஊற்றி விற்பவர்கள் உண்டு. வாங்கும்போது ஃபில்லர் பிளக்கில் விரலை விட்டுப் பாருங்கள்.

ஆக்சில் ஊதுகிறது, ஊளைபோல் சத்தம். கிரவுன் பினியன் மாற்றியே ஆக வேண்டுமா?

"அண்ணே, அறுபதுல ஊதுது" என்றுதான் வருவார்கள். அறுபதில் ஊதுகிறது என்பது போதாது. ஆக்சிலேட்டர் மிதித்திருக்கும்போதா, விட்டபிறகா? மிதிக்கும்போது மட்டும் என்றால் பல்லின் ஒரு முகம், விட்டபிறகு மட்டும் என்றால் மறு முகம். இரண்டிலும் மாறாமல் முனகி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். கிளட்ச்சை விடும்போது 'டக்' என்று ஒரு இடி மட்டும் என்றால் ஜாயின்ட் ஷாப்டின் கிராஸையும் ஸ்பிளைனையும் பாருங்கள், டிஃப்ரன்ஷியலைத் திறக்க அவசரம் வேண்டாம்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம்) மட்டும் பார்த்து மூடிவிடுகிற மிஸ்திரியிடம் கொடுக்காதீர்கள். நல்ல மிஸ்திரி கிரவுனின் நாலைந்து பல்லில் சாயம் தடவி, ஒரு கையால் கிரவுனைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் பினியனைச் சுற்றுவார். சாயம் அழிந்த இடம்தான் பற்கள் தொடும் இடம். அது பல்லின் நடுவில், சிறிய முனையை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். லோடு ஏறும்போது அந்தத் தடம் பெரிய முனைப் பக்கம் விரியும். தடம் பல்லின் உச்சியில் இருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியில் இருந்தால் மிக உள்ளே போயிருக்கிறது. பினியனுக்கு வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ, பக்கத்து நட்டுகளால் பேக்லாஷைச் சரிசெய்து, மறுபடி சாயம். பொறுமை இருந்தால் அரை நாள் வேலை, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், அப்புறம் மறுபடி ஊதல்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்திய ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். காயலான் கடையில் தனித்தனியாகக் கிடைக்கிறது, விலையும் மலிவு என்று சேர்த்தால் பணம் வீண்.

ஆக்சில் ஷாப்ட் உடைந்தால் சக்கரம் கழன்று ஓடிவிடாதா?

ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஓடாது. வண்டியின் எடையை ஹப்பும் ஹவுசிங்கும் தாங்குகின்றன, ஷாப்ட் முறுக்கை மட்டும் கடத்துகிறது. ஹப் முகத்தில் இருக்கும் நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் தரையில் நிற்க ஷாப்டை உருவிவிடலாம், ஜாக்கிகூட வேண்டாம்.

பழுதான வண்டியைக் கட்டியிழுத்து வரலாமா?

வரலாம், ஆனால் முதலில் இரண்டு பக்க ஆக்சில் ஷாப்டையும் உருவுங்கள், அல்லது ஜாயின்ட் ஷாப்டை இறக்குங்கள். நியூட்ரலில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். என்ஜின் ஓடாதபோது லேஷாப்ட் சுற்றாது. கீழே ஆயிலில் முழுகி அதை மேலே தெளிப்பதே லேஷாப்ட்தான். சக்கரம் சுற்ற மெயின்ஷாப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றும், வெண்கலப் புஷ் கடித்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணூரிலிருந்து மாதவரத்துக்குள் ஒரு நல்ல பெட்டியைக் கெடுக்க அது போதும். ஷாப்டை உருவிய ஓட்டையைத் தகட்டாலோ சாக்குத் துணியாலோ மூடிக் கட்டுங்கள், மணல் போகக் கூடாது.

மழைவெள்ளத்தில் வண்டி நின்றது. வெளியே காய்ந்துவிட்டது. ஓட்டலாமா?

கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை.

ஆக்சில் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் திடீரெனத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உறிஞ்சும். வெளியே காய்வதற்கும் உள்ளே காய்வதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயில் பாலாக மாறியிருந்தால் முழுதும் இறக்கி, மலிவான ஆயில் ஒன்றை ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் கழுவி, மறுபடி இறக்கி, அப்புறம் புது ஆயில். ஹப் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். நம் பக்கத்து வெள்ளத்தில் உப்பும் கலந்திருக்கும், ஒரு மாதம் விட்டால் ரோலர் மேல் துருப்புள்ளி விழும், அதன்பிறகு அந்தப் பேரிங் தேறாது.

என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கடப்பாரையால் நெம்பிக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் ஓட்டை வழியே பீய்ச்சும்.

பழைய பென்ஸ் என்ஜின் காலையில் பிடிக்க மறுக்கிறது, பக்கத்து வீட்டு லேலண்டு ஒரே தட்டில் பிடிக்கிறது. ஏன்?

ஆரம்பகால டாடா-பென்ஸில் வந்த ஓஎம்312 என்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதில்லை, முன்னறை ஒன்றில் பாதி எரிந்து பிறகு இறங்குகிறது. ஓடும்போது மென்மையாக இருக்கும், ஆனால் குளிர்ந்த அறைச்சுவர் சூட்டைத் தின்றுவிடுவதால் குளோ பிளக் இல்லாமல் பிடிக்காது. லேலண்டில் நேரடிப் பாய்ச்சல், அந்தத் தொல்லை இல்லை. பழைய பென்ஸ் குளோ பிளக்குகள் வரிசையாக ஒரே கம்பியில் கோத்தவை, ஒன்று போனால் ஆறும் போச்சு. ஒவ்வொன்றாகத் தாண்டிக் கம்பி பிடித்துப் பார்த்தால் செத்தது எது என்று தெரிந்துவிடும்.

என்ஜின் தானாக வெறிபிடித்து ரேஸ் ஆகிறது.

உடனே ஸ்டாப் கம்பியை இழுங்கள், கேள்வி அப்புறம். சில பழைய டீசல் பம்ப்புகளில் கவர்னர் (என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) காற்று உறிஞ்சலால் இயங்குவது. உள்ளே ஒரு தோல் டயாஃப்ரம். அது கிழிந்தால், டீசலைக் குறைக்கும் உறிஞ்சல் போய் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சும், ஸ்பிரிங் முழு டீசலைத் திறந்துவிடும். சோதிப்பது எளிது. என்ஜின் நிற்கும்போது கவர்னருக்கு வரும் உறிஞ்சல் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்டாப் லீவரை முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்து லீவரை விடுங்கள். டயாஃப்ரம் நன்றாக இருந்தால் சற்றே வந்து அப்படியே தயங்கி நிற்கும். சட்டென்று திரும்பினால் தோல் ஓட்டை.

இப்போதைய பி.எஸ்.6 டீசல் பழைய பம்ப்பைக் கெடுக்குமா?

கெடுக்காது. 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குதான், உண்மை. கந்தகத்தை எடுக்கும்போது குறையும் வழவழப்பை மருந்து கலந்து ஈடுசெய்துதான் அனுப்புகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது அவரவர் நம்பிக்கை. பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் கசிந்தால் மாற்றிவிடுங்கள், வயதானதற்கு டீசலைக் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

பேரிங்குக்கு வண்டிப் பெயர் சொல்லி அலையாதீர்கள். விளிம்பில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படியுங்கள். 6308 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், உலகம் முழுக்க இதே கணக்கு. லேலண்டின் டேப்பர் பேரிங்குகளில் அங்குல அளவு நிறைய உண்டு, அவற்றில் உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் தனித்தனி எண். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும்.

பல்சக்கரமும் ஹவுசிங்கும் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, பிறகு காயலான் கடைகள். கிடைக்கவே இல்லை என்றால் செய்துகொள்ளலாம், நம்மூர் லேத்துப் பட்டறைகளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இஎன்353 மாதிரி எஃகில் வெட்டி, மேல்தோலைக் கடினப்படுத்தி வாங்குங்கள். சும்மா இரும்பில் பல் வெட்டிப் பளபளவென்று கொடுப்பார்கள், பார்க்க அழகு, ஒரு மழைக்காலம் தாங்காது.

50 வயதான லாரியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?

2021 ஜூலையில் வந்த மத்திய விதி, 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோக நான்கு சக்கர வண்டிகளுக்கும்தான். சரக்கு லாரி அதில் வராது. நம் காமெட் எத்தனை வயதானாலும் சட்டத்துக்கு அது சரக்கு வண்டிதான்: எட்டு ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் உண்டு. 12 ஆண்டு தாண்டிய இரண்டு ஆக்சில் வண்டிக்கு நேஷனல் பெர்மிட்டும் கிடையாது. டீசல் வண்டிக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற டெல்லித் தடையை இங்கே யாராவது சொல்லிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அது அந்த வட்டாரத்துக்கு மட்டும். இருசக்கர வண்டிக்குக் கிடைக்கும் மரியாதைகூட இந்த லாரிகளுக்கு இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஓட்டாமல் நிறுத்திவைக்கப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல்காற்று சேஸிஸைத் தின்னும், அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி, கூரைக்கடியில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கில் ஆயில் அடியுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பிவையுங்கள், காலியிடம் இருந்தால் வியர்த்துத் தண்ணீர் சேரும். கிளட்ச் பெடலை, பிளேட் விடுபடும் அளவுக்கு மிதித்த நிலையில் ஒரு கட்டை கொடுத்து வையுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஆக்சில் கையால் தொட்டால் சுடும் அளவுக்கு ஓட்டிவருவது எவ்வளவோ மேல். நின்ற இடத்தில் என்ஜின் மட்டும் ஓடினால் கிரவுனின் மேல்பாதிக்கு ஆயிலே போகாது.